டிராஃப்டில் எடுத்த பையன் தேறுவானா? பேஸ்பால் இளம் வீரர்களை எடைபோட ஒரு தொடக்க வழிகாட்டி

ஒவ்வொரு ஜூலையிலும் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் டிராஃப்ட் நடக்கிறது. அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி அது. 30 அணிகள், 20 சுற்றுகள், 600-க்கும் மேற்பட்ட பெயர்கள். மறுநாள் காலையே எந்த அணி நன்றாக எடுத்தது, எது சொதப்பியது என்று மதிப்பெண் பட்டியல்கள் வந்துவிடும். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அந்தப் பட்டியலைத்தான் படிக்கிறார்கள். அதைக் கடைசியில் படியுங்கள்.

கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் டிராஃப்டில் எடுத்த வீரர் சில மாதங்களில் களத்தில் நிற்பார். பேஸ்பாலில் அப்படி இல்லை. எடுக்கப்பட்ட பையன் மைனர் லீக் என்ற நீண்ட ஏணியில் கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டும்: பயிற்சி வளாகத்தில் நடக்கும் ஆட்டங்கள், லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ. கல்லூரியில் ஆடி முடித்த வீரருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள், பள்ளியிலிருந்து வருபவருக்கு நான்கைந்து ஆண்டுகள் சாதாரணமாக ஆகும். பலர் நடுவிலேயே நின்றுவிடுவார்கள். ஆகவே இந்த மதிப்பீட்டுக்குப் பொறுமை வேண்டும், அதோடு எதைப் பார்ப்பது என்ற தெளிவும் வேண்டும்.

600 பெயர்களையும் பின்தொடர முயல வேண்டாம். ஓர் அணி, ஓர் ஆண்டு என்று எடுத்துக்கொண்டு ஆழமாகப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் நான் பெரும்பாலும் பால்டிமோர் ஒரியோல்ஸ் அணியின் 2019 டிராஃப்டை வைத்தே விளக்குகிறேன். ஒரு தொகுப்பில் நடக்கக்கூடிய ஏறக்குறைய எல்லாமே அதில் நடந்திருக்கிறது.

முதலில், யாரை எடுக்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் வசிப்பவர்கள்தான் டிராஃப்டுக்குள் வருவார்கள். உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள், இரண்டாண்டு ஜூனியர் கல்லூரி மாணவர்கள், நான்காண்டுக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டை முடித்தவர்கள் அல்லது 21 வயதை எட்டியவர்கள் என்று மூன்று வகை. டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா போன்ற நாடுகளின் பையன்கள் டிராஃப்டில் இல்லை. அவர்கள் 16 வயதிலேயே தனி ஏற்பாட்டில் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். வான் சோட்டோவை டிராஃப்ட் பட்டியலில் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

ஒரு பெயரைப் பார்த்ததும் பள்ளியா கல்லூரியா என்று குறித்துக்கொள்ளுங்கள். கல்லூரி வீரரின் திறமைக்கு மூன்றாண்டு ஆட்டக் கணக்கு சாட்சியாக இருக்கும். வளர்வதற்கு மிச்சம் இருப்பது குறைவு. பள்ளிப் பையனிடம் இது தலைகீழ். 2019-இல் ஒரியோல்ஸ் முதல் வாய்ப்பில் எடுத்த அட்லி ரட்ச்மன், ஒரிகன் ஸ்டேட் பல்கலைக்கழக கேட்சர் (விக்கெட் கீப்பரைப்போல மட்டைக்காரருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்). 42-ஆவதாக எடுத்த கன்னர் ஹெண்டர்சன், அலபாமாவின் செல்மா நகரப் பள்ளி ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்). ஒருவர் கிட்டத்தட்ட தயாரான ஆள், இன்னொருவர் 18 வயதுகூட நிரம்பாத பையன்.

பணக் கணக்கைப் படியுங்கள்

புதியவர்கள் தவறவிடும் இடம் இதுதான். என்னைக் கேட்டால், டிராஃப்டைப் புரிந்துகொள்வதில் பாதி வேலை இந்தக் கணக்கில் இருக்கிறது. ஐபிஎல் ஏலம்போல இங்கே யாரும் விலை ஏற்றிக் கேட்பதில்லை. முறை வந்ததும் பெயரைச் சொல்லிவிட வேண்டும், பேரம் அதற்குப் பிறகு. முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வொரு இடத்துக்கும், ஒப்பந்தம் போடும்போது வீரருக்குத் தரும் போனஸ் இவ்வளவு என்று லீக் ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. இதை ஸ்லாட் என்பார்கள். ஓர் அணியின் எல்லா ஸ்லாட்களையும் கூட்டினால் வருவது அதன் போனஸ் தொகுப்பு. அந்த மொத்தத்துக்குள் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பது அணியின் விருப்பம். மொத்தத்தை 5 சதவீதம் வரை தாண்டினால், தாண்டிய தொகைக்கு 75 சதவீத வரி. அதற்கு மேல் போனால் அடுத்த ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்பே பறிபோகும். 2012-இல் இந்த முறை வந்ததிலிருந்து எந்த அணியும் 5 சதவீதக் கோட்டைத் தாண்டியதில்லை.

இந்த விதி வந்த முதல் ஆண்டே ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி இதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று காட்டியது. முதல் இடத்துக்கான ஸ்லாட் 72 லட்சம் டாலர். கார்லோஸ் கொரேயாவை அந்த இடத்தில் எடுத்து 48 லட்சத்துக்கு ஒப்பந்தம் செய்தார்கள். மிச்சப்பட்ட பணத்தில், 41-ஆவதாக எடுத்த பள்ளி பிட்சர் (பந்து வீசுபவர்) லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சம் கொடுத்தார்கள். அந்த இடத்தின் ஸ்லாட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அது. நான்காம் சுற்றில் எடுத்த ரியோ ரூயிஸுக்கு 18.5 லட்சம். மெக்கல்லர்ஸுக்கும் ரூயிஸுக்கும் கல்லூரியில் இடம் காத்திருந்தது. போதிய பணம் தராவிட்டால் போய்விடுவார்கள் என்று தெரிந்ததால்தான் மற்ற அணிகள் அவர்களைத் தொடவில்லை. கொரேயாவும் மெக்கல்லர்ஸும் 2017-இல் மேஜர் லீக்கின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை வென்ற ஆஸ்ட்ரோஸ் அணியில் ஆடினார்கள்.

அந்தக் காலத்து ஆஸ்ட்ரோஸ் அலுவலகத்தில் இருந்த மைக் எலியஸ் 2018 நவம்பரில் ஒரியோல்ஸின் பொது மேலாளரானார். அடுத்த ஜூனில் (அப்போது டிராஃப்ட் ஜூனில் நடந்தது) ரட்ச்மனுக்கு 81 லட்சம் டாலர் கொடுத்தார். ஸ்லாட் 84 லட்சத்துக்குச் சற்று மேல். ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போக ஒப்புக்கொண்டிருந்த ஹெண்டர்சனுக்கு 23 லட்சம். அங்கே ஸ்லாட் சுமார் 17.7 லட்சம்தான். மேலே மிச்சம் பிடித்துக் கீழே செலவழித்திருக்கிறார்.

ஆகவே டிராஃப்ட் முடிந்ததும் ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: பெயர், ஸ்லாட் தொகை, கொடுத்த போனஸ். ஸ்லாட்டைவிட அதிகம் வாங்கியவர்கள்தான் அணி உண்மையில் ஆசைப்பட்ட வீரர்கள். எட்டு, ஒன்பது, பத்தாம் சுற்றுகளில் சில ஆயிரம் டாலருக்குக் கையெழுத்திட்ட நான்காம் ஆண்டுக் கல்லூரி மாணவர்கள் தென்படுவார்கள். அவர்கள் பெரும்பாலும் பணம் மிச்சப்படுத்த எடுக்கப்பட்டவர்கள், அந்தச் சுற்றுகள் வீணானதாக நினைக்காதீர்கள். பத்தாம் சுற்றுக்குப் பிறகு எடுத்தவருக்கு ஒன்றரை லட்சம் டாலர் வரை கொடுத்தால் அது தொகுப்புக் கணக்கில் வராது. பதினொன்றாம் சுற்றில் திடீரென நல்ல பள்ளிப் பையன்கள் தென்படுவது அதனால்தான். ஒரு முக்கியமான எச்சரிக்கை: இந்த விதிகள் எல்லாம் அடங்கிய தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-இல் முடிகிறது. அதன் பிறகு வரும் டிராஃப்ட்களுக்குப் புது விதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

20-80 அளவுகோலைப் பழகுங்கள்

ஸ்கவுட்கள் (அணிகளுக்காக வீரர்களைத் தேடிப் பார்த்து மதிப்பிடுபவர்கள்) எழுதும் அறிக்கைகளில் எல்லாத் திறனுக்கும் 20 முதல் 80 வரை எண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. நூற்றுக்கு ஐம்பது வாங்கிய மாணவனைப்போல எண்ணிவிடாதீர்கள். உலகின் தலைசிறந்த லீக்கில் சராசரி என்பது மிகப் பெரிய விஷயம். 60 என்றால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மேலானவர். 80 அபூர்வம்.

பந்தடிப்பவருக்கு ஐந்து திறன்கள்: பந்தைத் தொடர்ந்து சரியாக அடிப்பது, பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை. இதில் ஓட்டத்தை அளப்பது எளிது. அடித்த இடத்திலிருந்து முதல் பேஸ் வரை 90 அடி. வலக்கை ஆட்டக்காரர் 4.3 விநாடியில் போனால் 50, 4.0 என்றால் 80. இடக்கைக்காரர் ஓரடி முன்னாலேயே நிற்பதால் அவருக்கு 0.1 விநாடி குறைத்துக் கணக்கிடுவார்கள். பலத்தையும் இப்போது கருவி வைத்து, மட்டையை விட்டு பந்து கிளம்பும் வேகத்தில் அளந்துவிடலாம். கடினமானது முதல் திறன்தான். மணிக்கு 98 மைல் வேகப் பந்தையும் விலகிச் செல்லும் ஸ்லைடரையும் பிரித்தறிந்து அடிப்பானா என்பதைப் பள்ளி மைதானத்தில் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அங்கே அப்படிப் பந்து போட ஆளில்லை. டிராஃப்டில் எடுக்கப்பட்டுத் தேறாமல் போன பெரும்பாலான பந்தடிப்பவர்கள் இந்த ஒரு திறனில்தான் விழுந்தார்கள். ஐந்து எண்களில் எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பிட்சருக்கு ஒவ்வொரு பந்து வகைக்கும் தனித்தனி எண்: ஃபாஸ்ட்பால், ஸ்லைடர், கர்வ்பால், சேஞ்சப். அப்புறம் கட்டுப்பாட்டுக்கு ஒன்று. இரண்டு வகைப் பந்து மட்டும் நன்றாக இருந்து கட்டுப்பாடு 40 என்றால், அவர் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் கடைசியில் ஓரிரு இன்னிங்ஸ் மட்டும் வீசும் ரிலீவராக முடிய வாய்ப்பு அதிகம்.

எண்கள் 30/60 என்று ஜோடியாக இருந்தால் முதலாவது இன்றைய நிலை, இரண்டாவது எதிர்கால எதிர்பார்ப்பு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் அணி ஏற்றுக்கொண்ட ஆபத்தின் அளவு.

ஆடும் இடத்தையும் பாருங்கள். பள்ளி அணிகளில் சிறந்த பையனை ஷார்ட்ஸ்டாப்பில் நிறுத்துவது வழக்கம், அதனால் டிராஃப்டில் ஷார்ட்ஸ்டாப்கள் குவிந்திருப்பார்கள். உடம்பு வளர்ந்ததும் பலர் தேர்டு பேஸுக்கோ அவுட்ஃபீல்டுக்கோ மாறுவார்கள். ஷார்ட்ஸ்டாப்பில் நிலைத்தால் சுமாரான மட்டையே போதும். ஃபர்ஸ்ட் பேஸில் மட்டும் நிற்க முடிகிறவர் அடித்தே பிழைக்க வேண்டும்.

வயதை மாதக் கணக்கில் பாருங்கள்

2019-இல் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர் பாபி விட் ஜூனியர், கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்கு. அவரும் ஹெண்டர்சனும் பள்ளி ஷார்ட்ஸ்டாப்கள்தான். டிராஃப்ட் நடந்த ஜூன் 3 அன்று விட்டுக்கு 19 வயதாக இன்னும் சில நாட்களே இருந்தன. ஹெண்டர்சன் 18-ஐத் தொட அந்த மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டும். ஒரே வகுப்பு, ஒரு வயது வித்தியாசம். அந்த வயதில் ஓராண்டு என்பது உடம்பிலும் பலத்திலும் பெரிய இடைவெளி. இன்று இருவருக்கும் ஒரே திறமை தெரிந்தால், இளையவரிடம் இன்னும் வர வேண்டியது அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்காக வயது கூடியவரை ஒதுக்கிவிடவும் கூடாது; விட் 2024-இல் அமெரிக்கன் லீக்கின் (மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று; மற்றது நேஷனல் லீக்) சிறந்த பேட்டிங் சராசரியை எட்டினார்.

மைனர் லீக் எண்களை எப்படிப் படிப்பது

பேட்டிங் சராசரியையும் பிட்சரின் ரன் சராசரியையும் (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன்; குறைந்தால் நல்லது) மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வரிசையாக நான்கு கேள்விகள் கேளுங்கள்.

அந்த நிலைக்கு அவர் வயது என்ன? டபுள்-ஏ நிலையில் பெரும்பாலோர் 23, 24 வயதினர். அங்கே 20 வயதுப் பையன் சராசரியாக ஆடினாலே அது நல்ல செய்தி. 25 வயதுக்காரர் லோ-ஏ நிலையில் வெளுத்து வாங்கினால் அதற்குப் பெரிய மதிப்பில்லை.

எத்தனை முறைக்கு ஒருமுறை ஸ்ட்ரைக்அவுட் ஆகிறார், எவ்வளவு வாக் எடுக்கிறார்? மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது ஸ்ட்ரைக்அவுட்; நான்கு தவறான பந்துகளுக்குப் பிறகு இலவசமாக முதல் பேஸுக்குப் போவது வாக். இந்த இரண்டு விகிதங்களும் மற்ற எண்களைவிடச் சீக்கிரம் உண்மையைச் சொல்லும். ஹெண்டர்சன் 2021-இல் ஹை-ஏ நிலையில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனார். கவலைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அவருக்கு அப்போது 20 வயதுதான், முந்தைய ஆண்டு பெருந்தொற்றால் மைனர் லீக்கே நடக்கவில்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் டபுள்-ஏ நிலையில் ஸ்ட்ரைக்அவுட்டைவிட வாக் அதிகம் எடுத்தார். மேலே உள்ள கடினமான நிலையில் ஸ்ட்ரைக்அவுட் குறைகிறது என்றால் பையன் கற்றுக்கொள்கிறான் என்று அர்த்தம். அந்த ஆகஸ்ட் 31-இல் அவர் மேஜர் லீக்கில் இறங்கினார். 2023-இல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த அறிமுக வீரர் விருது அவருக்கு. அதே ஆண்டு நேஷனல் லீக்கில் அந்த விருதை வாங்கிய கார்பின் கேரலும் 2019 டிராஃப்டில் வந்தவர், 16-ஆவது இடத்தில்.

எந்த மைதானத்தில் ஆடுகிறார்? உயரமான ஊர்களில் காற்று மெலிது, பந்து தூரம் போகும். ஒரியோல்ஸ் நான்காம் சுற்றில் எடுத்த ஜோயி ஓர்டிஸ் நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். லாஸ் க்ரூசஸ் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,200 மீட்டர். அங்கே அவர் அடித்த எண்களைப் பாதிதான் நம்ப முடிந்தது. அவருடைய ஃபீல்டிங் எந்த ஊரிலும் நிற்கும் என்பதே அவரை எடுக்கக் காரணமாக இருந்தது.

எந்த மட்டையால்? பள்ளியிலும் கல்லூரியிலும் உலோக மட்டை, தொழில்முறையில் மர மட்டை. மாசசூசெட்ஸில் கோடையில் நடக்கும் கேப் காட் லீக்கில் கல்லூரி வீரர்கள் மர மட்டையோடு ஆடுவார்கள், அதனால்தான் ஸ்கவுட்கள் அங்கே கூடுகிறார்கள். கல்லூரி வீரர் ஒருவரைப் பற்றிப் படிக்கும்போது அவருடைய கேப் காட் எண்களைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பிட்சர்களும் மருத்துவ அறிக்கையும்

குமார் ராக்கரை நம் வாசகர்கள் பலர் பெயருக்காகவே கவனித்திருப்பார்கள். தாய் வழியில் இந்திய வம்சாவளி. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நட்சத்திரமாக இருந்தவர். 2021-இல் நியூயார்க் மெட்ஸ் அணி 10-ஆவதாக எடுத்தது. பேசி முடித்த தொகை 60 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு மெட்ஸ் ஒப்பந்தமே தரவில்லை. அதற்கு ஈடாக அடுத்த ஆண்டு மெட்ஸுக்கு 11-ஆவது வாய்ப்பு கிடைத்தது, அதில் கேட்சர் கெவின் பராடாவை எடுத்தார்கள். ராக்கர் தோள்பட்டை அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மேஜர் லீக் அணிகளோடு சேராத ஒரு தனி லீக்கில் சில ஆட்டங்கள் வீசி, 2022 டிராஃப்டில் மூன்றாவது இடத்தில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்குப் போனார், 52 லட்சத்துக்கு. அது ஸ்லாட்டைவிடக் குறைவு. மிச்சத்தை வைத்து நான்காம் சுற்றில் பள்ளி பிட்சர் பிராக் போர்ட்டருக்கு 37 லட்சம் கொடுத்தது ரேஞ்சர்ஸ். 2023-இல் ராக்கருக்கு முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 2024 செப்டம்பரில் மேஜர் லீக்கில் இறங்கினார்.

இந்த ஒருவர் கதையிலேயே பணக் கணக்கு, மருத்துவ ஆபத்து, ஈட்டு வாய்ப்பு மூன்றும் இருக்கின்றன. பிட்சரை எடைபோடும்போது இரண்டு கேள்விகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்: எத்தனை இன்னிங்ஸ் முழுசாக வீசியிருக்கிறார், கடந்த இரண்டு ஆண்டுகளில் வேகம் கூடியதா குறைந்ததா. மருத்துவ அறிக்கை நம் கண்ணுக்கு வராது. அதனால், நல்ல பிட்சர் ஒருவர் எதிர்பாராமல் பல இடங்கள் கீழே சரிந்தால், அணிகளுக்கு நமக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

மாற்று வியாபாரத்தையும் கணக்கில் சேருங்கள்

எடுத்த அணிக்காகவே ஆட வேண்டும் என்பதில்லை. ஓர்டிஸ் 2024 பிப்ரவரியில் மில்வாக்கிக்குப் போனார். பதிலுக்கு வந்தவர், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை முன்பே வாங்கிய கார்பின் பர்ன்ஸ். பர்ன்ஸ் ஒரே பருவம் ஆடிவிட்டு அரிசோனாவோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஈடாக ஒரியோல்ஸுக்கு 2025 டிராஃப்டில் ஒரு கூடுதல் வாய்ப்பு. ஆக, 2019-இன் நான்காம் சுற்று இன்னும் முடியவில்லை, வேறொரு பையன் உருவில் தொடர்கிறது.

71-ஆவதாக எடுத்த ஸ்டான்ஃபோர்டு அவுட்ஃபீல்டர் கைல் ஸ்டோவர்ஸ் கதை இன்னும் சுவையானது. 2024 ஜூலையில் அவரையும் கானர் நார்பியையும் மயாமிக்குக் கொடுத்து பிட்சர் டிரெவர் ராஜர்ஸை வாங்கினார்கள். அந்த ஆண்டு ராஜர்ஸ் நான்கு ஆட்டங்களில் அடிவாங்கி ட்ரிபிள்-ஏவுக்கு அனுப்பப்பட்டார். ஒரியோல்ஸ் ஏமாந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். 2025-இல் ஸ்டோவர்ஸ் 25 ஹோம் ரன் அடித்து, பருவத்தின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அதே பருவத்தில் ராஜர்ஸ் 18 ஆட்டங்களில் 1.81 என்ற ரன் சராசரியோடு வீசினார். இப்போது யார் ஏமாந்தது? இரண்டு அணிகளுமே பயன் பெற்றன என்பதுதான் நேர்மையான பதில், அது தெரிய ஓராண்டு ஆகியிருக்கிறது.

எப்போது தீர்ப்பு எழுதலாம்

கல்லூரி வீரர்களுக்கு மூன்றாம் ஆண்டு முடிவிலும், பள்ளி வீரர்களுக்கு ஐந்தாம் ஆண்டு முடிவிலும் முதல் மதிப்பீடு எழுதுங்கள். லீக்கின் விதியே இதற்கு ஒரு நாள்காட்டி தருகிறது. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து பருவங்களுக்குள்ளும், 19 அல்லது அதற்கு மேற்பட்ட வயதில் வந்தவரை நான்கு பருவங்களுக்குள்ளும் அணி தன் 40 பேர் பட்டியலில் (மேஜர் லீக்கில் ஆடத் தகுதியுள்ளவர்களின் பட்டியல்) சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி அவரை எடுத்துக்கொள்ளலாம். சொந்த அணி ஒரு வீரரைப் பற்றி மனதுக்குள் என்ன நினைக்கிறது என்பது நவம்பர் மாதப் பட்டியலில் வெளிப்படும். எந்த நிபுணரின் தரவரிசையைவிடவும் நான் அதை நம்புகிறேன்.

மேஜர் லீக்கில் முதல் சில வாரங்களை வைத்தும் முடிவுக்கு வராதீர்கள். 2022-இல் ஒரியோல்ஸ் முதலாவதாக எடுத்த ஜாக்சன் ஹாலிடே, ஒரே ஆண்டில் நான்கு நிலைகளைத் தாண்டி, நாட்டின் முதல்தர இளம் வீரர் என்ற பெயரோடு 2024 ஏப்ரலில் வந்தார். முதல் பத்து ஆட்டங்களில் 34 முயற்சிக்கு இரண்டே ஹிட், திரும்ப ட்ரிபிள்-ஏவுக்கு அனுப்பினார்கள். அவருக்கு அப்போது 20 வயது. 2025-இல் அதே அணியின் அன்றாட செகண்ட் பேஸ்மேன் அவர்தான்.

தீர்ப்பு எழுதும்போது முடிவையும் முடிவெடுத்த விதத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். மைக் ட்ரவுட் 2009-இல் 25-ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். நியூ ஜெர்சியில் வசந்த காலம் குளிர், ஆட்டங்கள் குறைவு, ஸ்கவுட்கள் அவரைப் போதுமான அளவு பார்க்கவில்லை. அவரை எடுத்த ஏஞ்சல்ஸ் அணியே அதற்கு முந்தைய 24-ஆவது வாய்ப்பில் ராண்டல் கிரிச்சக்கின் பெயரைத்தான் சொன்னது. ரட்ச்மனையும் அதே கண்ணோடு பாருங்கள். விட் இன்று அவரைவிடப் பெரிய வீரர், இதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் 2019 ஜூனில் பெரும்பாலான நிபுணர்களின் பட்டியலிலும் ரட்ச்மன்தான் முதலிடம்; வலக்கை, இடக்கை இரண்டு விதமாகவும் அடிக்கும், நன்றாகப் பிடிக்கும் கல்லூரி கேட்சர் எப்போதாவதுதான் கிடைப்பார். அன்று கையில் இருந்த தகவலை வைத்து எலியஸ் செய்தது சரியான தேர்வு என்றே நான் கருதுகிறேன்.

சரி, தொடங்க என்ன வேண்டும்? உங்களுக்குப் பிடித்த அணியின் கடைசி டிராஃப்டை எடுத்து முதல் பத்துச் சுற்றுப் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதி, பள்ளியா கல்லூரியா, ஸ்லாட், போனஸ் என நான்கு விவரங்கள். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வொருவரின் மைனர் லீக் பக்கமும் இலவசமாகக் கிடைக்கும். 20-80 எண்களோடு கூடிய அறிக்கைகளை எம்எல்பி பைப்லைன், ஃபேன்கிராஃப்ஸ் தளங்களில் படிக்கலாம். ஏப்ரலில் யார் எந்த நிலையில் பருவத்தைத் தொடங்குகிறார்கள் என்று குறியுங்கள். செப்டம்பரில் ஸ்ட்ரைக்அவுட், வாக் விகிதங்களை எழுதிச் சேருங்கள். நவம்பரில் 40 பேர் பட்டியலைப் பாருங்கள். ஆண்டுக்கு மூன்றே முறை அந்தத் தாளைத் திறந்தால் போதும்.